நீலம் ஏற்றிய பிள்ளை

புந்தா அரீனாஸில் காற்று
கதவைத் தட்டாது, தள்ளும்.
அப்படித்தான் உள்ளே வந்தாள் மிரெயா,
ஒன்பது நாள் பிள்ளையைக் கோட்டுக்குள் பொத்தி.
அப்பன் கடலில். நண்டுப் படகு.
கரையேற மூன்று வாரம் ஆகும்.
அவனுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும்.

வெள்ளைக் கம்பளியில் கிடத்தினேன்.
கொட்டாவி விட்டான், எடுத்தேன்.
மானிட்டரில் திறந்தால்
கம்பளி பழைய வெண்ணெய்,
பிள்ளை பூசணிப் பழம்.
என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவள்
விலை கேட்கவில்லை.
விட்ட தொப்பியைக்கூட எடுக்காமல்
ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

குதிகாலில் ஊசி, ஒரு சொட்டு ரத்தம்.
"ஒன்றுமில்லை," என்றாளாம் தாதி,
"இந்த வாரம் பிறந்ததிலேயே சிவந்த பயல் இவன்தான்."

நான் அதற்குள் என் பங்குக்கு
வைத்தியம் பார்த்திருந்தேன்.
நீலத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். இன்னும் கொஞ்சம்.
கம்பளி வெளுத்தது. கன்னம் கன்னமாயிற்று.
தேய்த்துக் குளிப்பாட்டிய திருப்தியோடு
அனுப்பிவிட்டேன்.

மறுநாள் இரவு இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல்.
மிரெயா தூங்கிப்போயிருக்கிறாள்;
என் எண் படத்தின் அடியில் இருந்தது.
"பிள்ளை மூச்சு விடுகிறானா?"
எலியாசர் பர்ரீயா.
"உதடு ஏன் நீலம்? நகம் ஏன் நீலம்?
கடலில் விழுந்தவனை நான் தூக்கியிருக்கிறேன், ஐயா.
எனக்குத் தெரியும் அந்த நிறம்."

எதிர்காற்றில் நான்கு தெரு ஓடினேன்.
அவள் பிள்ளையை எழுப்பினாள்.
போனை அவன் வாயருகே பிடித்தோம்.
அந்த அழுகை மட்டும்
எங்கும் சாயம் ஏறாமல்
போய்ச் சேர்ந்தது.

கடைக்குத் திரும்பி உட்கார்ந்தேன்.
ஒரே படம், இரண்டு ஜன்னல்.
ஒன்றில் மஞ்சள், ஒன்றில் வெள்ளை.
ஒரு மென்பொருள் யாரையும் விசாரிப்பதில்லை.
மற்றது விசாரித்து, சொன்னதை நம்பிவிடுகிறது.
நான் வேலை செய்வது நம்புகிறதில்.

அமைப்புகள், அதற்குள் அமைப்புகள்,
அடியில் ஒரு பட்டியல்.
அங்கே காலாட்டிக்கொண்டிருந்தது
மானிட்டரோடு வந்த, நான் கூப்பிடாத ஒரு கோப்பு.
புரொஃபைலாம்.
இந்தத் திரை பிறவியிலேயே நீலம் பாய்ந்தது என்று
கோள் சொல்லியிருக்கிறது.
அதைக் கேட்டு மென்பொருள்
கண்டதற்கெல்லாம் மஞ்சள் அரைத்துப் பூச,
பூசியதை நான் நீலம் போட்டுக் கழுவ.
காமாலை பிள்ளைக்கு இல்லை,
பார்த்த கண்ணுக்கு.

நீக்கினேன்.
ஊருக்கெல்லாம் பொதுவான எஸ்ஆர்ஜிபியை
அந்த இடத்தில் உட்கார வைத்தேன்.
மூடித் திறந்தேன்.
கம்பளி கம்பளியாக இருந்தது.

அப்புறம்தான் வயிற்றைக் கலக்கியது.
மானிட்டர் வாங்கி நான்கு மாதம்.
திறக்கத் திறக்க
நீல மணப்பெண், நீலக் கேக்,
நோட்டரி வுகாசோவிச்சின் வெள்ளிவிழாவில்
நீல வழுக்கை,
ஏலத்துக்கு எடுத்த நூற்றிப்பத்துச் செம்மறியும் நீலம்.
ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை.
இந்த ஊரில் அன்றைக்கும் குளிர் போல என்று
எல்லோரும் நினைத்திருக்க வேண்டும்.

மணப்பெண்ணிலிருந்து ஆரம்பித்தேன்.
செம்மறிகளை முடிக்க வியாழன் ஆயிற்று.

முப்பத்திரண்டாம் நாள் எலியாசர் வந்தான்,
நண்டு வாசனையோடு, பிள்ளை தோளில்.
கை வைக்காத மூலப் படத்தை
அச்செடுத்து வைத்திருந்தேன்.
ஜன்னலோரம் போய்
பிள்ளையின் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தான்.
இதைப் பார்த்தான், அதைப் பார்த்தான்.
"இப்பவும் சேரவில்லையே."

சேரவில்லைதான்.
அந்தச் சிவப்பு எப்போதோ இறங்கி
பிள்ளை கோதுமைக்கு வந்திருந்தான்.
"மானிட்டர் சரியாகத்தான் இருக்கிறது," என்றேன்.

படத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்தான்.
"சரி, இன்றைக்கு ஒன்று எடு" என்று
மிரெயா விட்டுப்போன தொப்பியை
ஆணியிலிருந்து கழற்றி
பிள்ளைக்கு மாட்டினான்.
கண் வரை இறங்கியது.